ஆன்டிவைரஸ்: கொல்லியா, முறிப்பானா, தடுப்பானா?

கடந்த மாதம் அப்பாவின் பட்டா நகலை அச்செடுக்கப் பென்டிரைவுடன் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். வீட்டுக்கு வந்து கணினியில் செருகினால், ‘பட்டா’, ‘வரி ரசீது’ என்று நான் பெயரிட்டு வைத்திருந்த கோப்புறைகள் ஒவ்வொன்றின் கீழ்மூலையிலும் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி முளைத்திருந்தது. அவை கோப்புறைகளே அல்ல. கோப்புறை வேடத்தில் நின்ற குறுக்குவழிகள். தொட்டால் வேறு எதையோ இயக்கிவிடும். உண்மையான கோப்புறைகள் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டு, அதே பென்டிரைவில் பத்திரமாகத்தான் இருந்தன. நான் சொடுக்குவதற்குள் திரையின் வலது ஓரத்தில் அறிவிப்பு வந்துவிட்டது. அச்சுறுத்தல் கண்டறியப்பட்டதாம், தனிமைப்படுத்தப்பட்டதாம். பக்கத்தில் நின்ற அப்பா கேட்டார்: “வைரஸைக் கொன்றுவிட்டதா?”

கொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டதில் தவறும் இல்லை. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி என்று பழகிய வாய்க்கு ஆன்டிவைரஸும் ஒரு கொல்லிதான்.

முதலில் வைரஸ். இது லத்தீன் சொல். நஞ்சு என்றும் கொழகொழத்த கெட்ட நீர் என்றும் அங்கே பொருள். வடமொழியின் ‘விஷ’மும் இதுவும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது மொழியியலாளர் ஏற்ற முடிவு. அந்த விஷத்தைத்தான் தமிழ் ‘விடம்’ ஆக்கிக்கொண்டது. சிவன் உண்ட ஆலகால விடமும் பென்டிரைவில் வந்த வைரஸும் தூரத்துப் பங்காளிகள் என்றால் நம்புவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். 1898இல் டச்சு அறிஞர் பெய்யரிங்க், புகையிலைத் தேமல் நோயை ஆராய்ந்தபோது, பாக்டீரியாவைப் பிடித்துவிடும் வடிகட்டியையும் கடந்து போகும் நோய்க் காரணிக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். நஞ்சாக இருந்தது அப்படித்தான் நோய்க்கிருமியின் பெயராக மாறியது.

கணினி உலகில் அந்தப் பெயர் நிலைக்கத் தொடங்கியது 1983இல். அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ஃபிரெட் கோஹென், பிற நிரல்களைத் திருத்தி அவற்றுக்குள் தன் நகலைப் புகுத்தும் ஒரு நிரலை எழுதிக் காட்டினார். அதற்கு வைரஸ் என்று பெயர் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லென் ஏடில்மன். செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் ஆர்.எஸ்.ஏ. மறையாக்க முறையின் பெயரில் உள்ள ‘ஏ’ அவர்தான். பூட்டைச் செய்தவர்களில் ஒருவரே திருடனுக்கும் பெயர் வைத்தார். மூன்றே ஆண்டில், 1986இல், லாகூரின் ஆல்வி சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ என்ற வைரஸ் ஃபிளாப்பி வட்டுகளில் ஏறி உலகம் சுற்றியது. அதற்குள் அவர்களுடைய பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. இன்று பென்டிரைவில் ஒளிந்து வருகிறவற்றில் முகவரியைத் தேடினாலும் கிடைக்காது.

தமிழில் இதற்கு வழங்கும் சொல் நச்சுநிரல். மூலச்சொல்லைவிட இது ஒரு படி மேல் என்பது என் கருத்து. நஞ்சு என்ற சொல் இன்னொரு பெயரோடு சேரும்போது ‘நச்சு’ ஆகும். இரும்பு இருப்புப்பாதையில் ‘இருப்பு’ ஆவதைப் போல. நிரல் என்றால் வரிசை, ஒழுங்கு. இலக்கணத்தில் நிரல்நிறை படித்தவர்களுக்குப் பழகிய சொல்தான். கணினிக்கு வரிசையாக இடும் கட்டளைகளின் தொகுப்புக்கு அதையே எடுத்துக்கொண்டார்கள். உடலில் புகும் வைரஸை நச்சுயிரி என்றும் தீநுண்மி என்றும் எழுதுகிறோம். கணினியில் புகுவதற்கு உயிர் இல்லை. காற்றில் பரவி வருவதும் இல்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதிய கட்டளைகள்தாம் அவை. ‘நிரல்’ அதைச் சொல்லிவிடுகிறது; வைரஸ் அதை மறைத்துவிடுகிறது.

கெடுதல் செய்யும் மென்பொருள்களின் பொதுப்பெயரான மால்வேருக்குச் சிலர் எழுதும் ‘தீம்பொருள்’ எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. தீம்பால், தீங்கனி என்று இனிமையைச் சுட்டும் ‘தீம்’ காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. நச்சு என்பதிலும் ஓர் இரட்டைப் பொருள் உண்டுதான். நச்சுதல் என்றால் விரும்புதல். ‘நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று’ என்ற குறளில் இரண்டு பொருளும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆனால் இந்த மயக்கம் நமக்குப் பொருந்தி வருகிறது. ‘உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, இதை உடனே இறக்குங்கள்’ என்று உலாவியில் சிவப்பாக மின்னும் பக்கங்களை எண்ணிப் பாருங்கள். நாமே நச்சி இறக்கும் அந்தப் போலிப் பாதுகாப்பு மென்பொருள்தான் பல நேரங்களில் நச்சு.

இனி ‘ஆன்டி’. நச்சுநிரல் கொல்லி, நச்சுநிரல் எதிர்ப்பி, நச்சுநிரல் முறிப்பான், நச்சுநிரல் தடுப்பான் என்று பல விதமாக ஆக்கலாம். முறிப்பான் கேட்க அழகுதான். ஆனால் விஷமுறிவு மருந்து, கடிபட்ட பிறகு தேடி ஓடுவது. இந்த மென்பொருளின் வேலை பெரும்பாலும் கடிக்கு முந்தியது. திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் தன்னிடமுள்ள, தெரிந்த நச்சுநிரல்களின் பட்டியலோடு ஒப்பிடுகிறது. அந்தப் பட்டியலில் இருப்பதை ஆங்கிலத்தில் சிக்னேச்சர் என்பார்கள்; அதைக் கையொப்பம் என்று மொழிபெயர்த்தால் குழப்பமே மிஞ்சும். பள்ளிச் சான்றிதழில் ‘வலது கன்னத்தில் ஒரு மச்சம்’ என்று எழுதுவார்களே, அந்த அங்க அடையாளம் போன்றது அது. மச்சம் தெரியாத புதியவன் வந்தால்? நடத்தையைக் கவனிக்கிறது: ஒரு நிரல் திடீரென்று நூறு கோப்புகளை மாற்றி எழுதத் தொடங்கினால் கையைப் பிடிக்கிறது. பட்டியல் நாள்தோறும் வளர்வதால்தான் இற்றைப்படுத்தச் சொல்லி நச்சரிக்கிறது. ஆகவே என் வாக்கு நச்சுநிரல் தடுப்பானுக்கு. விண்டோஸ் 8 முதல் ஒரு தடுப்பான் கணினியோடே வருகிறது. வேறொன்றை நிறுவினால் அது பெரும்பாலும் தானே ஒதுங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து இரண்டை வாங்கி ஒன்றாக ஓடவிடுவதுதான் ஒரே உறையில் இரண்டு கத்தி; ஒன்றையொன்று சந்தேகித்துக் கணினியை ஊர்ந்துபோக வைத்துவிடும்.

கடைசியாக, அப்பாவின் கேள்விக்கு உரிய சொல்: தனிமைப்படுத்தல். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் குவாரன்டைன், கொள்ளைநோய்க் காலத்தில் வெனிஸ் துறைமுகத்தில் கப்பல்களை நிறுத்திவைத்த நாற்பது நாள் கணக்கிலிருந்து வந்தது. பிடிபட்ட கோப்பும் அப்படித்தான் நிறுத்தப்படுகிறது. அதை அழிப்பதில்லை, இயங்க முடியாதபடி உருமாற்றித் தனியிடத்தில் பூட்டி வைக்கிறது. தடுப்பான் தவறாகப் பிடித்திருந்தால் மீட்டுக்கொள்ளலாம். எனக்கும் ஒருமுறை அப்படி ஒரு பழைய எழுத்துரு நிறுவியை மீட்க வேண்டியிருந்தது.

“கொல்லவில்லை அப்பா, மண்டபம் முகாமில் வைத்திருக்கிறது” என்றேன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைக் கப்பலேற்றும் முன் நோய்ச் சோதனைக்காகத் தங்கவைத்த இடம் அது. தாத்தா அந்த வழியாகப் போனவர். அப்பா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பட்டா இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார்.