குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்: வாங்கும் முன் கதவடியைப் பாருங்கள்

மார்த்தாண்டம், களியக்காவிளை, எல்லை தாண்டினால் பாறசாலை. இந்த வட்டாரத்தில்தான் நான் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். ஜூனில் மழை பிடித்ததும் தப்பாமல் ஒரு புகார் வரும்: "குளிமுறியில ஃபேன் சுத்துது, ஆனா சுவர்ல கறுப்புப் பூசணம் போகல்ல. பெருசா ஒண்ணு மாட்டித் தாங்க." போய்ப் பார்த்தால் ஃபேன்மேல் குற்றம் இருப்பது அபூர்வம்.

அப்படி ஒரு வீடு. குளியலறை எட்டுக்கு ஐந்தடி. பிவிசி கதவைச் சாத்தினால் எறும்பு நுழைய இடமில்லை. ஃபேனை ஓடவிட்டு, டிஷ்யூ பேப்பர் ஒன்றை அதன் ஜாலியில் வைத்தேன். நிற்காமல் கீழே விழுந்தது. கதவை இரண்டு விரல் அளவு திறந்தேன். அதே பேப்பர் ஜாலியில் சப்பென்று ஒட்டிக்கொண்டது. உள்ளே காற்று வர வழியில்லாத அறையிலிருந்து எந்த ஃபேனாலும் வெளியே தள்ள முடியாது. கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு பிளாஸ்டிக் ஜாலி பதித்ததோடு வேலை முடிந்தது. மரக்கதவாக இருந்தால் அடியில் 2 சென்டிமீட்டர் இழைத்துவிட்டால் போதும்.

இன்னொன்று. ஃபேனை ஒட்டியே ஜன்னல் திறந்திருந்தால், அங்கே நுழையும் காற்று அப்படியே ஃபேன் வழியாகப் போய்விடும். ஷவர் மூலையில் ஆவி அசையாமல் நிற்கும். ஆகவே கதவுக்கு எதிர்ப்பக்கம், ஷவருக்கு அருகில், கூரையை ஒட்டி ஃபேன் வர வேண்டும்.

அளவுக்கு வருவோம். எட்டுக்கு ஐந்து, உயரம் பத்தடி என்றால் 400 கன அடி. மணிக்குப் பத்துமுறை காற்று மாற வேண்டுமானால் 4000 கன அடி, அதாவது சுமார் 113 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது எதிரே தடையே இல்லாத நிலையில் அளந்த கணக்கு. ஃபேன் ஓடும்போது திறக்கிற வெளிப்பக்க ஷட்டரும் வலையும் வந்தால் குறையும். 100 மில்லிமீட்டர் ஃபேன்கள் பல மணிக்கு 100 கன மீட்டரை ஒட்டியே நிற்பதால், நான் 150 மில்லிமீட்டருக்குத்தான் போவேன்.

இதெல்லாம் வெளிச்சுவரில் நேராக மாட்டும் ஃபேனுக்கு. குழாய் வழியாகக் காற்றைக் கொண்டுபோக வேண்டுமானால் கதையே வேறு. சாதாரண இறக்கை ஃபேன் நீளக் குழாயில் திணறிவிடும். அதற்குக் காற்றை அழுத்தத்தோடு தள்ளும் சென்ட்ரிஃபியூகல் வகையோ, குழாயின் நடுவிலேயே பொருத்தும் இன்லைன் ஃபேனோ வேண்டும். மடிப்புக் குழாயை வளைத்து நெளித்துப் போட்டால் அதன் பலமும் பாதியில் போய்விடும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே குழாய் முனையை அப்படியே விட்டுவிட்டுப் போகிற ஆட்களும் உண்டு. ஈரம் ஜிப்சத்தில் ஊறி, சில மாதத்தில் கறை இறங்கும். குழாயின் வாய் வீட்டுக்கு வெளியே திறந்தே ஆக வேண்டும்.

பாறசாலைப் பக்கம் ஒரு அம்மா கேட்டது நியாயமான கேள்வி: "மக்களே, வெளியேயும் ஒரே ஈரமாக் கெடக்கு. ஃபேன் போட்டா என்ன கிட்டும்?" கிட்டும். மழை நாளில் 25 டிகிரிக் காற்று முழுக்க ஈரமாக இருந்தாலும் ஒரு கன மீட்டரில் 23 கிராம் நீராவிதான் நிற்கும். வெந்நீர்க் குளியலில் 35 டிகிரிக்கு ஏறிய காற்று 40 கிராம் வரை பிடித்துவைக்கும். அது சுவரில் படிந்து குளிரும் முன் வெளியேற்றுவதே நோக்கம். குளித்தபின்னும் 15, 20 நிமிடம் ஓட வேண்டும். டைமர் சுவிட்ச் இருந்தால் நல்லது. கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம்: 30 வாட் ஃபேன் தினம் ஒரு மணி நேரம் ஓடினாலும் மாதம் ஒரு யூனிட் ஆகாது.

பச்சைத்தண்ணியில் மட்டும் குளிப்பவர்கள், பெரிய ஜன்னலும் இருக்கிறது என்றால், ஃபேனே வேண்டாம். சுவர் அடியிலிருந்து ஈரம் ஏறினால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர வீடுகளில் உப்புக்காற்றுக்கு இரும்பு ஃபேன் சீக்கிரம் துருவேறும். பிளாஸ்டிக் உடம்பு நல்லது. கூரையில் மாட்டுவதென்றால் பால் பேரிங் கேளுங்கள். தண்ணீர் தெறிக்கும் இடமானால், தெறிப்பைத் தாங்கும் என்று காட்டும் ஐபிஎக்ஸ்4 குறியீடு இருக்கட்டும். சுவிட்ச் வெளியே. லைனில், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். ஷட்டரை அவ்வப்போது திறந்து பாருங்கள். குளவி மண்கூடு கட்டி, ஷட்டர் திறக்காமலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன்களை எத்தனையோ கழற்றியிருக்கிறேன்.

கேஸ் கீசரைக் குளியலறைக்குள் வைத்துக்கொண்டு, "அதான் எக்ஸாஸ்ட் இருக்கே" என்பவர்களிடம் மட்டும் நான் ஒத்துப்போவதில்லை. போதிய காற்றில்லாமல் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை, ஆள் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். கரண்ட் போனால் ஃபேன் நின்றுவிடும். பேட்டரியில் பற்றும் கீசரோ எரிந்துகொண்டே இருக்கும். கீசரைக் காற்றோட்டமான வெளியிடத்தில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்வேன். சம்மதிக்காத வீட்டில் ஃபேன் வேலையும் எடுப்பதில்லை.