டெட்டனஸ்: நோய்க்கும் தசைக்கும் ஒரே பெயர்

டெட்டனஸ் என்றதும் ஆணி குத்தினால் போடும் ஊசிதான் ஞாபகம் வரும். ஆனால் தசை பற்றிய பாடத்தில் நோயே இல்லாத ஒரு நிலைக்கும் இதே பெயர். கிரேக்கத்தில் 'டெட்டனோஸ்' என்றால் விறைப்பு, அதற்கு வேர் 'இழுத்து நீட்டு' என்ற வினை. (சமஸ்கிருத 'தன்' இதற்குச் சொந்தம்தான், நம்மிடம் இருக்கும் 'தந்தி' அந்த வழியில் வந்தது.)

சரி, தசையில் என்ன நடக்கிறது? ஒரே ஒரு மின்தூண்டல் கொடுத்தால் தசை ஒருமுறை துடித்து ஓய்ந்துவிடும். அது தளர்வதற்குள் அடுத்த தூண்டல் வந்தால் இரண்டாவது இழுப்பு முதலாவதன் மேல் ஏறிக்கொள்ளும், இப்படியே வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் துடிப்புகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே சீரான பிடியாக நிற்கும். அதுதான் டெட்டனஸ். விசையும் ஒற்றைத் துடிப்பைவிடப் பல மடங்கு. காரணம், தசையைச் சுருங்கவைக்கும் கால்சியம் ஒற்றைத் துடிப்பில் வெளிவந்ததும் சட்டென்று உள்ளே திரும்பிவிடுகிறது, தசைநாணின் தொய்வை இழுத்து முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

பிசியோதெரபி மின்தூண்டல் கருவிகள் பெரும்பாலும் நொடிக்கு 30 முதல் 50 தூண்டல் தருவது இந்தச் சீரான பிடிக்காகத்தான். ஆனால் மூளையானது தசை இழைகளை மாற்றி மாற்றி வேலை வாங்கும், கருவியோ அதே இழைகளை ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப விரட்டும், அதனால் தசை சீக்கிரம் களைத்துப்போகும்.

தூண்டல் மட்டும் போதாது, தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதும் முக்கியம். கார்டன், ஹக்ஸ்லி, ஜூலியன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1966-இல் தவளைத் தசை இழையில் அளந்து காட்டினார்கள்: இழையின் அடிப்படை அலகு 2.0 முதல் 2.2 மைக்ரோமீட்டர் நீளத்தில் இருக்கும்போது விசை உச்சம், 3.65-ஐத் தொட்டால் உள்ளிழைகள் ஒன்றின்மேல் ஒன்று படியாது, எவ்வளவு தூண்டினாலும் விசை கிடையாது.

நோயிலும் கதை இதேதான். கிருமியின் நஞ்சு, நரம்புகளை அடக்கிவைக்கும் சமிக்ஞைகளைத் தடுத்துவிட, தூண்டல் நிற்காமல் பாய்கிறது.

தமிழில் நோய்க்கு 'ரணஜன்னி' இருக்கிறது, தசையின் நிலைக்குத்தான் ஒரு சொல் வேண்டும். 'இசிவு' வலிப்பையும் சேர்த்துச் சொல்லும் என்பதால் ஆரோக்கியமான தசைக்கு ஒட்டாது. 'தொடர் சுருக்கம்' எழுதலாம்தான், ஆனால் இரு முனையும் கட்டப்பட்ட தசை நீளம் குறையாமலே டெட்டனஸுக்குப் போகும், அதனால் என் ஓட்டு 'தொடர் இறுக்கம்' என்பதற்கே.