பங்குனியில் வடக்கே போகும் பருந்தும் வயலில் வைக்கும் எலிமருந்தும்

பங்குனி பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் அரிட்டாபட்டி மலைப்பாறையில் உட்கார்ந்திருப்பேன். மேலூர்ப் பக்கம் நான் கால்நடை மருத்துவர். மற்ற நாளெல்லாம் மாடும் ஆடும். அன்றைக்கு மட்டும் பருந்து எண்ணும் வேலை.

விடியலில் ஏறிப் பயனில்லை. பாறை சுட்டால்தான் சூடான காற்று மேலெழும். அதில் ஏறிப் பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு உயரும். அப்போது எண்ணினால் ஒரே பறவையை மூன்று தடவை எழுதிவிடுவோம். வட்டத்தை விட்டுவிட்டு நேராகச் சறுக்கிப் போகும்போதுதான் எண்ண வேண்டும். இங்கேயே குடியிருக்கும் லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராஜாளி மூன்றும் சுற்றிவிட்டுப் பாறைக்கே திரும்பும். 2022-இல் அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதில் இவற்றுக்கும் பங்குண்டு.

திரும்பாமல் வடக்கே போவது பூனைப்பருந்து. குளிருக்கு இங்கே வந்து, கஜகஸ்தான் புல்வெளிகளுக்குத் திரும்பிப் போய்க் குஞ்சு பொரிக்கும். இஸ்ரேலின் ஏலாத் மலைகளில் இதே பருவத்தில் ஆயிரக்கணக்கில் கடக்கும் பருந்துகளை எண்ணுகிறார்கள். நமக்கு அந்தக் கூட்டம் வராது. ஒரு காலைக்கு நாலு கண்ணில் பட்டாலே எனக்கு நல்ல நாள். அதனால்தான் ஒன்று குறைந்தாலும் மனசு கேட்பதில்லை.

ஒரு மாசி மாதம், அறுப்பு முடிந்த வயலிலிருந்து ஒரு விவசாயி சிமெண்ட் சாக்கில் ஒரு பூனைப்பருந்தைத் தூக்கி வந்தார். "டாக்டரம்மா, அடியும் படல, காயமும் இல்ல. எந்திரிக்கத்தான் மாட்டேங்குது." வெளிர்சாம்பல் நிற ஆண். வாயைத் திறந்து பார்த்தேன். உள்ளே சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. இறக்கைக்கு அடியில் தோலுக்குள் கருநீலமாக ரத்தம் கட்டியிருந்தது. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தியும் கசிவு நிற்கவில்லை. "அண்ணே, எலி கேக் வச்சீங்களா?" என்று எலிமருந்துக் கட்டியைக் கேட்டேன். தலையாட்டினார்.

ரத்தம் உறைய வைட்டமின் கே ஊசி போட்டேன். வனத்துறைக்கும் சொன்னேன். மறுநாள் ராத்திரி செத்துவிட்டது.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. எலி தின்ற நெல்லுக்கு யார் பதில் சொல்வது? ஆனால் அந்த கேக்கில் இருக்கும் புரோமாடியோலோன் என்ற விஷம் என்ன செய்கிறது என்பதைக் கடையில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அது ரத்தத்தை உறையவிடாது. தின்ற எலி உடனே சாகாமல் சில நாள் பட்டப்பகலில் தள்ளாடித் திரியும். தாழப் பறந்து இரை தேடும் பூனைப்பருந்துக்கு அதைவிடச் சுலபமான இரை எது? மலைமேல் நான் எண்ணுவதெல்லாம் இந்த வயல்களில் தப்பிப் பிழைத்தவற்றைத்தான்.

முடிந்தவரை எலியைக் கிட்டி வைத்துப் பிடியுங்கள். வயலில் டி வடிவில் கட்டை நட்டால் ராத்திரி கூகை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கும். மருந்துதான் வேண்டுமென்றால், காலையும் மாலையும் வயலைச் சுற்றிவந்து செத்த எலியை ஆழமாகப் புதையுங்கள், வரப்பில் வீசாதீர்கள். இன்னொன்று: பூனைப்பருந்து மரத்தில் அடையாது, தரையில் புல்லுக்குள் படுக்கும். பொழுது சாய்ந்தபின் தரிசுக்குத் தீ வைக்காதீர்கள்.

சுருண்டு கிடக்கும் பருந்தைப் பார்த்தால், துண்டைப் போட்டு மூடித் தூக்கி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். கால் நகம் கிழித்துவிடும், கவனம். வாயில் தண்ணீரோ பாலோ ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பக்கத்தில் எலி கேக் வைத்திருந்தால் அதன் உறையையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால் முதல் ஊசியை உடனே போட முடியும்.