பேங்க்கில் விழுந்த பணம் டர்ன்ஓவர் அல்ல

மதுரையில் வீட்டிலிருந்தே ஆன்லைன் தளத்தில் சுங்குடிச் சேலை விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சேலை 1,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 50. வாங்கியவர் கட்டியது 1,050. கமிஷன், கூரியர் என்று தளம் 210 ரூபாயைக் கழித்துக்கொள்கிறது. ஜி.எஸ்.டி.க்காகத் தளம் பிடிக்கும் டி.சி.எஸ். 5 ரூபாய், வருமான வரிக்காகப் பிடிக்கும் டி.டி.எஸ். 1 ரூபாய் போக உங்கள் கணக்கில் விழுவது 834.

இந்த 834-களைக் கூட்டித்தான் பலர் வருமான வரி ரிட்டர்னில் டர்ன்ஓவர், அதாவது மொத்த விற்பனை, என்று எழுதுகிறார்கள். அது தப்பு. தளம் உங்கள் பான் எண்ணின் மேல் வருமான வரித் துறைக்குச் சொல்லியிருப்பது 1,000. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி வரும்.

அந்த 1 ரூபாய் டி.டி.எஸ். வருமான வரிச் சட்டத்தின் 194-ஓ பிரிவின் கீழ் பிடித்தது. முன்பு 1% இருந்ததை 2024 அக்டோபர் 1 முதல் 0.1% ஆக்கிவிட்டார்கள். பான் அல்லது ஆதார் கொடுத்த தனிநபருக்கு, அந்தத் தளத்தில் வருஷ விற்பனை 5 லட்சத்தைத் தாண்டாத வரை பிடித்தமே இல்லை. இரண்டையும் கொடுக்காவிட்டால் 5% போய்விடும். பிடிக்கவில்லை என்பதற்காக வருமானத்தைக் காட்ட வேண்டாம் என்று அர்த்தமில்லை.

5 ரூபாய் டி.சி.எஸ். கதையே வேறு. அது ஜி.எஸ்.டி. சமாச்சாரம். பிடித்த வருமான வரியைக் காட்டும் 26ஏ.எஸ். படிவத்தில் அதைத் தேடித் தேடிக் கண் வலிப்பதுதான் மிச்சம், ஜி.எஸ்.டி. போர்ட்டலில் வரி கட்டப் பயன்படும் உங்கள் கேஷ் லெட்ஜரில் வந்து சேரும்.

சரி, லாபத்தை எப்படிக் காட்டுவது? சின்ன வியாபாரிக்கு 44ஏடி பிரிவு தோதானது. பேங்க் வழியாக வந்த விற்பனையில் குறைந்தது 6%, ரொக்கத்தில் 8% லாபம் என்று ஐ.டி.ஆர்.-4 படிவத்தில் காட்டலாம். 10 லட்சம் விற்றால் 60,000. ஆனால் கமிஷன், கூரியர், பேக்கிங் அட்டை எல்லாம் அந்த மீதி 94 சதவீதத்துக்குள் அடக்கம். தனியாக மறுபடி கழிக்க முடியாது. அட்வான்ஸ் டாக்ஸ் (வருஷம் முடியும் முன்பே கட்டும் வரி) கட்ட வேண்டியிருந்தால் மார்ச் 15-க்குள் மொத்தமாகக் கட்டிவிடலாம். ஆனால் பிறர் பொருளுக்கு லிங்க் போட்டு கமிஷன் வாங்குபவர்களுக்கு 44ஏடி கிடையாது.

2025-26 நிதியாண்டுக் கணக்கில் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை. பிடித்த டி.டி.எஸ். திரும்ப வேண்டுமென்றால் ரிட்டர்ன் போட்டால்தான் உண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும், 2025-26 கணக்குக்குப் பழைய சட்டம்தான்.

ரிட்டர்ன் போடும் முன், உங்களைப் பற்றித் துறைக்கு வந்த தகவல்களைக் காட்டும் ஏ.ஐ.எஸ். அறிக்கையை வருமான வரி போர்ட்டலில் திறந்து, தளம் மாதாமாதம் தரும் செட்டில்மென்ட் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சேலையும் விற்றதாகவே ஏ.ஐ.எஸ்.-இல் நிற்கலாம். அப்படி நின்றால் அங்கேயே 'ஃபீட்பேக்' கொடுத்து, திரும்பி வந்ததற்கான அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.