மனு கொடுத்த பிள்ளை பள்ளிக்கு எதிரி அல்ல

மறுபடியும் ஒரு மன்னிப்புக் கடிதம். கடற்கரைக் கிராமத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவிகள் சிலர், கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அம்மாக்களுடன் போய் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், “பள்ளிக்கூட மானத்தை வாங்கிட்டீங்க, உங்களுக்கெல்லாம் நாட்டுப்பற்று எங்கே வரப்போகுது” என்று எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறார்கள். பிறகு பெற்றோரை வரச்சொல்லி, மன்னிப்பு எழுதித் தராவிட்டால் டி.சி. என்றார்களாம். எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். குழந்தைகள் வழக்குகளைப் பார்க்கும் வக்கீல் என்ற முறையில், இதே மாதிரி கடிதங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

கேள்வி கேட்கும் பிள்ளைக்குப் பள்ளிமேல் பற்று இல்லை என்று நினைப்பதைப்போலத் தவறான எண்ணம் வேறில்லை. ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை எந்த ஊரிலும் விசாரித்துப் பாருங்கள். பள்ளி பிடிக்காத பையன் மனு எழுதமாட்டான். படகுக்குப் போவான், ஐஸ் கம்பெனிக்குப் போவான். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் மாதம் படகுகள் இறங்கும்போது கூடவே போகிறவன், பல நேரம் வகுப்புக்குத் திரும்புவதே இல்லை. வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிடுவதற்குத் தண்ணீர் இல்லாத கழிப்பறையும் ஒரு காரணம். இப்படி நின்றுபோகிறவர்களால் பள்ளியின் பெயர் கெட்டதாக யாரும் சொல்வதில்லை. இந்தப் பள்ளியிலேயே படித்து முடிக்க வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைதான் குழாயைச் சரிசெய்யச் சொல்கிறது. தண்ணீருக்காகத் தள்ளுவண்டியில் குடத்தோடு அலைந்து வளர்கிற பிள்ளைகள் அவர்கள்.

நாட்டுப்பற்றைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. 1985-ல் கேரளத்தில், யெகோவா சாட்சிகள் சமயத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தைப் பாடவில்லை என்று பள்ளியை விட்டு நீக்கப்பட்டார்கள். கீதம் ஒலிக்கும்போது அவர்கள் மரியாதையோடு எழுந்துதான் நின்றார்கள். வாய்விட்டுப் பாடவில்லை, அவ்வளவே. விசாரித்த குழுவும் அவர்கள் கீதத்தை அவமதிக்கவில்லை என்றுதான் சொன்னது. 1986-ல் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மௌனமாக நிற்கும் உரிமை, பேச்சுரிமை தரும் 19-வது பிரிவிலும் சமய உரிமை தரும் 25-வது பிரிவிலும் அடங்கும் என்பது தீர்ப்பின் சாரம். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்பார்கள். தேசிய கீத விஷயத்திலேயே நீதிமன்றம் இப்படிச் சொல்லியிருக்கும்போது, குழாய்த் தண்ணீர் கேட்டு எழுதிய மனு எப்படி நாட்டுக்கு விரோதமாகும்? அரசியலமைப்பின் 51அ பிரிவு சொல்லும் கடமைகளில், விடுதலைப் போராட்டத்துக்கு ஊக்கம் தந்த உயர்ந்த லட்சியங்களைப் போற்றுவதும் ஒன்று. 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்துக்காக வகுப்பைவிட்டு வெளியே வந்த மாணவர்களைப் பற்றி ஒவ்வோர் ஆகஸ்ட் 15-லும் மேடையில் பேசுகிறோம். அதே ஆகஸ்டில் நம் திருவாடானையில் சிறையை உடைத்த மக்களைப் பற்றியும் பேசுகிறோம். பிள்ளைகள் அதைக் கேட்டுத்தானே வளர்கிறார்கள்?

பெற்றோருக்கு: மிரட்டினால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத்தாளில் போடவே போடாதீர்கள். “டி.சி. வாங்கிக்கோ” என்று வாயால் சொன்னால், எழுத்தில் தரச்சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே நின்றுவிடும். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 16-வது பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற முடியாது. 17-வது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவது இதில் வரும். குடிநீரும், ஆண் பெண் இருபாலருக்கும் தனிக் கழிப்பறையும் அதே சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. ஆக, பிள்ளைகள் சலுகை எதையும் கேட்கவில்லை.

மாணவர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், உங்கள் அம்மாவே உறுப்பினராக இருக்கலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் முதன்மைக் கல்வி அலுவலர், கலெக்டர். ஒவ்வொரு மனுவுக்கும் ரசீது வாங்குங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரின் சாதியையோ குடும்பத்தையோ இழுத்து ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. தோழிகளின் முகம் தெரிய வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பஸ் மறியல் வேண்டாம். கட்சிக் கொடியோடு வெளி ஆள் யாராவது முன்னால் நிற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆசிரியர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். மேலதிகாரி என்ன கேட்பாரோ என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. மோட்டார் பழுதுக்குப் பணம் கேட்டு நீங்கள் எழுதிய கடிதங்கள் பல அலுவலகங்களில் தூங்குவதும் தெரியும். மாணவர்களின் மனுவை உங்கள் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள். உங்கள் கோரிக்கைக்கும் வலு கூடும்.

டி.சி. மிரட்டல் வந்தால் 1098-ஐ அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் அது. பள்ளிக்கல்வி தொடர்பான புகாருக்கு 14417. வக்கீல் வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். குழந்தைகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள். மனு நகலையும் ரசீதையும் கையோடு கொண்டுபோங்கள். எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் போங்கள்.