செய்தி அன்று, மறையுரை

போன ஞாயிறு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் சிற்றாலயத்தில் மைக்கைப் பிடித்த தம்பி, "அடுத்து தேவசெய்தி" என்றார். பக்கத்தில் இருந்த பாட்டி என் கையைப் பற்றி, "என்னப்பா சேதி? யாருக்கு என்ன?" என்றார். நாற்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டக் குடியிருப்பான லயத்தில் விடியுமுன் கதவைத் தட்டி "ஒரு சேதி" என்றால் அது சாவுதான். அந்தக் கை நடுங்கியது.

தம்பி சொன்னது, போதகர் வேதத்தை விளக்கும் பேச்சை. அதற்குப் பழைய சொல் பிரசங்கம். வடசொல், தொடர்பு, பேச நேர்ந்த பொருள் என்றெல்லாம் விரிந்து சொற்பொழிவுக்கு வந்தது. அதை விட்டதில் எனக்கு வருத்தமில்லை. அந்த இடத்தில் 'செய்தி'யை வைத்ததுதான் பொறுக்கவில்லை.

"பாஸ்டர் மெசேஜ் குடுத்தார்" என்பதை அப்படியே தமிழாக்கியதுதான் "செய்தி கொடுத்தார்". புறநானூறு 34-இல் "செய்தி கொன்றோர்க்கு உய்தி இல்" என்று வரும். அங்கே செய்தி என்றால் செய்த நன்மை. பிறகு, நடந்ததை அறிவிப்பது என்றாயிற்று. இரண்டிலும் விளக்கம் கிடையாது. தோட்டத்தின் காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) கிராணி, அதாவது கணக்கர், பேர் வாசித்து, இன்னாருக்கு இன்ன மர நிரை என்பது செய்தி. காதில் விழுந்தால் போதும். அதைவிட முக்கியம், கிறிஸ்தவத்தில் செய்தி ஒன்றுதான்: நற்செய்தி. யூவாங்கேலியோன் என்ற கிரேக்கச் சொல்லுக்கு நேரான தமிழ் அது. அதை விரித்துச் சொல்லும் பேச்சுக்கும் 'தேவசெய்தி' என்று பெயர் வைத்தால், போதகர் தம் சொந்த அபிப்பிராயத்தைச் சொன்னாலும் கடவுளே சொன்னதாகிவிடும். மேடைக்கு அறிக்கைத்தாள் எழுதுகிறவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிப்பதில்லை. 'செய்தி எடுப்பார்' என்றுகூட எழுதுகிறார்கள். எங்கிருந்து எடுப்பார்?

நமக்கு 'உரை' இருக்கிறது. பரிமேலழகர் குறளுக்குச் செய்தது உரை. பொன்னைக் கல்லில் தேய்த்துப் பார்ப்பதும் உரைத்தல். சின்ன வயதில் ஒரு பெரியவர் வேதாகமத்தில் ரோமர் 11-ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு, காட்டு ஒலிவக் கிளை ஒட்டப்பட்டதை விளக்கினார். ஒலிவமரத்தை நாங்கள் யாரும் கண்டதில்லை. அவர் ரப்பர் கன்றைச் சொன்னார்: பட்டையைத் திறந்து, மொட்டுள்ள துண்டை வைத்து, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றி, மூன்று வாரம் கழித்து அவிழ்த்து நகத்தால் கீறிப் பார்ப்போமே. பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது. "உனக்குள்ள பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். வசனத்தை எங்கள் பிழைப்போடு உரைத்துப் பார்த்தார், அது உரை.

'அருளுரை' என்பார்கள். ஆசி கூறும் யாருடைய பேச்சுக்கும் அது பொருந்தும். வேதத்தை விரிக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. மறை என்றால் வேதம். மறையுரை என்றால் வேதத்துக்கு உரை. மறை என்றால் ஒளித்தல் அல்லவா என்று கேட்கிறவர்கள், குறளை உலகப் பொதுமறை என்று சொல்லும்போது கேட்பதில்லை. திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பும் 'பிரசங்கி' நூலைச் 'சபை உரையாளர்' என்றே தந்தது. எபிரேயத்தில் கோஹெலெத், சபையைக் கூட்டுகிறவர். அங்கேயும் உரைதான் கைகொடுத்தது.

மறையுரை கத்தோலிக்கர் சொல் என்று எங்கள் சபையில் இருவர் தயங்கினார்கள். நற்செய்தி என்பதையும் அவர்கள் சொல்கிறார்கள், நாம் விட்டுவிட்டோமா? அடுத்த வார அறிக்கைத்தாளில் 'மறையுரை' என்று அச்சிடக் கேட்டிருக்கிறேன்.