கனமான லென்ஸை மவுண்ட்டில் தொங்கவிடாதீர்கள்

ஃபிலிம் கேமரா பழுதுபார்க்கும் எங்களிடம் அடிக்கடி வரும் புகார் இது: "எஃப் 8-ல் எடுத்தால் படம் பளிச்சென்று இருக்கிறது. முழுசாகத் திறந்து எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் மங்குகிறது." (எஃப் எண் லென்ஸின் துவார அளவைக் குறிக்கும்; எண் சிறிதானால் துவாரம் பெரிது.) லென்ஸ் கெட்டுவிட்டது என்றுதான் கொண்டுவருகிறார்கள். பல நேரம் லென்ஸ் நன்றாகவே இருக்கும்; அதைச் சுமந்த மவுண்ட், அதாவது கேமராவில் லென்ஸை மாட்டும் வளையம், கோணியிருக்கும்.

35 மி.மீ. கேமராவில் எஃப் 1.4-ல் எடுக்கும்போது, ஃபிலிம் தன் இடத்திலிருந்து முன்னேயோ பின்னேயோ சுமார் 0.04 மி.மீ. விலகினாலே கூர்மை குறையத் தொடங்கும். தலைமுடியின் தடிமன்கூட இல்லை. எஃப் 8-ல் அதே விலகல் 0.24 மி.மீ. வரை தாங்கும். அதனால்தான் சின்னக் கோணல் எஃப் 8-ல் ஒளிந்துகொள்கிறது. மவுண்ட் துல்லியமாக இருக்க வேண்டும் என்று மற்ற எதையும்விட அதிகம் கேட்பது இப்படி அகலத் திறக்கும் 'வேகமான' லென்ஸ்தான். அந்த மவுண்ட்டை இழுத்துக் கெடுக்கும் எடையும் அதனிடம்தான் இருக்கிறது.

300 மி.மீ. எஃப் 2.8 லென்ஸுக்கு முன்கண்ணாடி 107 மி.மீ. அகலமாவது வேண்டும். எடை இரண்டரைக் கிலோவை ஒட்டி வரும். அதை மாட்டும் நிக்கான் எஃப்எம்2 பாடியோ (லென்ஸ் இல்லாத கேமரா) 540 கிராம்தான். ஆனால் இவ்வளவு பெரிய லென்ஸ்களைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. அவற்றுக்கு ட்ரைபாட் காலர் (லென்ஸையே ட்ரைபாடில் பூட்ட உதவும் வளையம்) உண்டு, பார்த்தாலே கை தானாக லென்ஸைத் தாங்கும். ஆபத்து நடுத்தர லென்ஸ்களில் இருக்கிறது. 135 மி.மீ. எஃப் 2, 180 மி.மீ. எஃப் 2.8 போன்றவற்றில் பலவற்றுக்குக் காலர் கிடையாது, ஆனால் பாடியைவிடக் கனம். பாடியை ட்ரைபாடில் திருகிவிட்டு லென்ஸை முன்னால் தொங்கவிட்டால், மவுண்ட் திருகுகளும் கேமராவின் அடித்தகடும் சேர்ந்து அந்தப் பாரத்தை வாங்குகின்றன. 1990-களின் மலிவு ஆட்டோஃபோகஸ் பாடிகள் சிலவற்றில் மவுண்ட்டே பிளாஸ்டிக். அவற்றில் இப்படி மாட்டவே வேண்டாம்.

காலர் இருந்தால் ட்ரைபாடில் காலரைத்தான் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸின் அடியில் தாங்கு கொடுக்கும் நீளமான தகடு போடுங்கள், அல்லது மணல் பையின் மேல் லென்ஸைக் கிடத்துங்கள். பூட்டும் முன் தகட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, கையை எடுத்தாலும் தலைகுப்புறச் சாயாத இடத்தைக் கண்டுபிடியுங்கள். பால் ஹெட்டை (ட்ரைபாடின் மேலுள்ள பந்து மூட்டை) இறுக்கிய பிறகும் ஃபிரேம் மெல்ல இறங்குகிறதென்றால், பெரும்பாலும் எடை நடுவில் இல்லை என்று அர்த்தம். அதற்காக இன்னும் பலமாக இறுக்குவது தீர்வல்ல. ட்ரைபாடின் நடுத்தண்டை (சென்டர் காலம்) உயர்த்தவும் வேண்டாம். தோளில் மாட்டும்போதும் இதே கதைதான்: ஸ்ட்ராப் லென்ஸ் காலரில் இருக்கட்டும், பாடியில் அல்ல.

அப்புறம், ஷட்டர் வேகம் 1/4 முதல் 1/30 நொடி வரை இருந்தால், கேமராவுக்குள் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி எழும் அதிர்வு படத்தில் தெரியும். நிக்கான் எஃப்2, எஃப்3, ஒலிம்பஸ் ஓஎம்-1 ஆகியவற்றில் கண்ணாடியை முன்பே தூக்கி நிறுத்தலாம். எஃப்எம்2-வில் செல்ஃப் டைமர் போட்டால் கண்ணாடி முதலில் எழுந்துவிடும்.

உங்கள் கேமராவைச் சோதிக்க அரை ரோல் போதும். தட்டையான சுவரில் செய்தித்தாள்களை ஒட்டி, சுவருக்கு நேராக நின்று, லென்ஸை முழுதாகத் திறந்து படுக்கைவாட்டில் ஒன்று, நெட்டுவாட்டில் ஒன்று எடுங்கள். மங்கல் கேமராவோடு சேர்ந்து திரும்பினால் கோணல் நிரந்தரமானது. எப்படித் திருப்பினாலும் படத்தின் மேற்பக்கமோ கீழ்ப்பக்கமோதான் மங்குகிறதென்றால், எடையால் மவுண்ட் தொய்கிறது. எடை குறைந்த வேறொரு லென்ஸிலும் இதைச் செய்து பாருங்கள். அதிலும் அதே பக்கம் மங்கினால் குறை பாடியில். அப்போது மவுண்ட் திருகுகளை நீங்களே கழற்றிவிடாதீர்கள். பல கேமராக்களில் அதன் அடியில் உயரத்தைச் சரிசெய்ய மெல்லிய தகடுகள் வைத்திருப்பார்கள். அவை இடம் மாறினால், அளவுகருவி இல்லாமல் திரும்பச் சரிசெய்ய முடியாது.